பூஜ்யத்தின் மேல் ஒன்று

அஸ்வின் அந்த வரியை அழித்திருக்கிறான் என்று தெரிந்ததும் ஆக்சிலியாவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மூக்கு வழியாக வருகிற சிரிப்பு. எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த அஸ்வின் நிமிர்ந்து பார்த்தான். யாரோ அனுப்பிய ஜோக்கைப் படிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துத் தானும் புன்னகை செய்தான். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் இளப்பமாக இருந்தது.

தீவுத் தலைநகரில் டாலிகஞ்ச் பகுதியில் ஒரு பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவர்கள் ஆபீஸ். முதலாளி பாலசுப்பிரமணியம் சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஒயரிங் காண்ட்ராக்ட் எடுத்து மேலே வந்தவர். கடலுக்கடியில் கேபிள் வந்து தீவுகளில் இன்டர்நெட் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், ரிசார்ட்டுகளுக்கு வைஃபை போட்டுக் கொடுக்கும் தொழிலுக்கு மாறிக்கொண்டார். ஒரு செங்கல் அளவில் கறுப்புப் பெட்டி, அதற்குள் லினக்ஸ், அதன் மேல் ஆக்சிலியா எழுதிய நிரல்கள். இவ்வளவுதான் கம்பெனி. அஸ்வின் அவருடைய மூத்த மகளைக் கட்டியவன். பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனி மூடிக்கொண்டபின் மாமனார் இங்கே கூப்பிட்டுக்கொண்டார். விசிட்டிங் கார்டில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி என்று அச்சடித்திருந்தான். தொழில்நுட்பத்துக்கு அவன் தலைமை என்றால், அந்தத் தொழில்நுட்பத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் ஆக்சிலியா.

ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட், தன் விருந்தினர்கள் போட்டுக்குக் காத்திருப்பதற்காக, ஜெட்டி என்கிற படகுத்துறையை ஒட்டி ஒரு கூடம் கட்டியிருந்தது. அங்கே வைத்த பெட்டிதான் தகராறு. போட் கிளம்புகிற நேரம் பார்த்து நின்றுவிடும். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து போக, அத்தனை போன்களும் ஒரே மூச்சில் தொடர்பை விட, பெட்டி திரையில் ஒரு எச்சரிக்கையைக் கக்கிவிட்டு உயிரை விடும். உப்புக்காற்று என்றான் அஸ்வின். அடாப்டர் மாற்றினான். ஏ.சி.க்குப் பக்கத்தில் நகர்த்தினான். இப்போது இந்த வேலை.

"அஸ்வின், வார்னிங் போடுற வரியை யாரு எடுத்தது?"

"நான்தான். அது வந்தாத்தானே பெட்டி நிக்குது. எண்ணிக்கையைச் சரிபார்க்கிற அந்தப் பகுதியையே தூக்கிட்டேன். இப்ப பாருங்க, போன வாரத்துலேர்ந்து ஒரு தடவகூட நிக்கல."

"எஞ்சின் சூடாகுதுன்னு சிவப்பு லைட் எரிஞ்சா, பல்பைக் கழட்டி எறிஞ்சிட்டு போட்டை ஓட்டுறவன் தெரியுமா உங்களுக்கு?"

"நெகட்டிவாவே பேசாதீங்க ஆக்சிலியா. க்ளையன்ட் சந்தோஷமா இருக்காங்க."

பாலசுப்பிரமணியம் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை செய்தது சரியா தப்பா என்பது அவருக்குப் பிடிபடவில்லை. பெட்டி நிற்கவில்லை என்பது பிடிபட்டது.

"நிக்கலேல்ல? அப்ப விட்டுரும்மா. மாப்ள ஏதோ யோசிச்சுத்தானே பண்ணியிருப்பாக."

"யோசிச்சு" என்ற சொல்லை ஆக்சிலியா அன்று சாயங்காலம் மரைன் ஹில்லில் வீட்டுப் படியேறும்வரை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

யோசித்ததன் பலன் அந்த வார முடிவுக்குள் வந்து சேர்ந்தது. ரிசார்ட் மேலாளர் வைஜெயந்தி போன் செய்தாள். வைஜெயந்தி சத்தம் போடுகிறவள் இல்லை. மிகவும் மரியாதையாகப் பேசினாள். அதனாலேயே பாலசுப்பிரமணியம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"சார், நேத்து ஒரு புது ஜோடி. கூடத்துல உக்காந்து வைஃபைல லாகின் பண்ணியிருக்காங்க. மாப்பிள்ளைப் பையன் போன்ல, 'வணக்கம் சுகுணா'ன்னு வருது. கூடவே வேற ஒரு ரூம் நம்பர். பொண்ணு பாத்துட்டா. சுகுணா யாருன்னு கேக்குறா. அவனுக்குத் தெரியல. தெரியலைன்னு சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம் அதிகமாகுது. போட்ல ஏற மாட்டேன்னு ஜெட்டியிலயே உக்காந்துட்டா சார்."

"சுகுணா யாரும்மா?"

"ரிட்டயர்ட் டீச்சர் சார். வயசு எழுபதுக்கு மேல இருக்கும். முந்தின போட்லயே போய்ட்டாங்க. நான் அவங்களுக்கே வீடியோ கால் போட்டு, முகத்தைக் காட்டி, அப்புறம்தான் அந்தப் பொண்ணு எழுந்திரிச்சது. இது ஒண்ணு இல்ல சார், ரெண்டு மூணு பேருக்கு இப்படிப் பேர் மாறி வந்திருக்கு. இன்னொரு தடவ ஆச்சுன்னா பெட்டியைக் கழட்டி வெச்சிருவேன். கோவிச்சுக்காதீங்க."

ஆக்சிலியா அஸ்வினைப் பார்த்தாள். அஸ்வின் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான்.

இருவரையும் அடுத்த நாளே ஹேவ்லாக்குக்குப் போகச் சொல்லிவிட்டார் பாலசுப்பிரமணியம். அவள் தனியாகப் போகிறேன் என்றாள். "மாப்ளயும் வரட்டும்மா, க்ளையன்ட்டுக்கு ஒரு மரியாதையா இருக்கும்" என்றார். மரியாதை என்பது இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற சரக்கா என்று கேட்க வாயெடுத்து, சம்பளத்தை நினைத்து மூடிக்கொண்டாள்.

ஃபீனிக்ஸ் பே துறைமுகத்திலிருந்து போட் கிளம்பித் திறந்த கடலுக்கு வந்ததுமே அஸ்வின் வெளிறத் தொடங்கினான். ஆக்சிலியா இந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சமோசாவைப் பிட்டுத் தின்றுகொண்டு மடிக்கணினியில் நிரலைப் படித்தாள். அஸ்வின் பாலிதீன் பையை முகத்தோடு பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாய்சாப், பாஹர் தேக்கோ, நீச்சே மத் தேக்கோ," என்று போட்டில் வேலைபார்க்கும் ஆள் அவனுக்குச் சொன்னான். வெளியே பார், கீழே பார்க்காதே. அஸ்வினுக்கு இந்தி வரும். ஆனாலும் கீழேதான் பார்த்தான்.

அவளுக்கு இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. சொன்னதைக் கேட்காதவன், வாந்தி எடுப்பதிலும் சொன்னதைக் கேட்கமாட்டான் என்று மட்டும் நினைத்துக்கொண்டு அடுத்த சமோசாவை எடுத்தாள்.

வைஜெயந்தி அவர்களைக் கூடத்திலேயே எதிர்கொண்டாள். இளநீர் கொடுத்தாள். அஸ்வின் தன் கார்டை நீட்டினான். ஆக்சிலியா பெட்டியின் மூடியைத் திறந்து தன் மடிக்கணினியை இணைத்தாள். அழித்த வரியைத் திரும்பப் போட்டாள். போன்கள் சேர்வதையும் பிரிவதையும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எந்த வரிசையில் கையாளுகிறது என்று ஒவ்வொரு அடியையும் பதிவு செய்யும்படி அமைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த போட் வரவேண்டும்.

போட் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். கூடத்தில் இருந்தவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஹாரன் அடித்தது. கூடம் காலியாக, திரையில் எழுத்துகள் சரசரவென்று ஏறி, ஒரு இடத்தில் நின்றன. பூஜ்யத்தின் மேல் ஒன்றைக் கூட்டியிருக்கிறாய், விடுவித்த இடத்தைப் பயன்படுத்துகிறாய் என்று சொல்லிவிட்டுப் பெட்டி செத்தது.

"கிடைச்சிருச்சு," என்றாள் ஆக்சிலியா.

வைஜெயந்தி குனிந்து பார்த்தாள். "எனக்குப் புரியிற மாதிரி சொல்லுவீங்களா மேடம்?"

அஸ்வினுக்குச் சொல்ல அவள் ஒருநாளும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. வைஜெயந்தி கேட்ட விதம் பிடித்திருந்ததால் சொன்னாள்.

"கூடத்துக்குள்ள வர்ற ஒவ்வொரு போனுக்கும் பெட்டி ஒரு ரூம் ஒதுக்கும்னு வைங்க. அந்த ரூமுக்குள்ள இப்ப எத்தனை பேர் வேலை பாக்குறாங்கன்னு வாசல்ல ஒரு எண் இருக்கும். உள்ள போறவன் ஒண்ணு கூட்டணும், வெளிய வர்றவன் ஒண்ணு கழிக்கணும். பூஜ்யம் ஆச்சுன்னா ரூம் காலி, வேற ஆளுக்குக் குடுத்துடலாம்."

"செக்-அவுட்."

"ஆமா. போன் தொடர்பை விட்டதும் ஒருத்தன் வந்து செக்-அவுட் பண்றான். அதே நேரத்துல, ரொம்ப நேரமா சத்தமில்லாத போன் எது எதுன்னு பாக்க இன்னொருத்தன் ரூம் ரூமா ரவுண்டு வர்றான். முதல் ஆள் எண்ணைப் பூஜ்யமாக்கி ரூமை விட்டுக்குடுக்குற அந்தக் கண் இமைக்கிற நேரத்துல, ரெண்டாவது ஆள் உள்ள நுழைஞ்சு ஒண்ணு கூட்டிடுறான். காலின்னு நெனச்ச ரூம் புது ஆளுக்குப் போகுது. பழைய ஆளோட சாமான் உள்ளயே கிடக்குது."

"சுகுணா டீச்சர்."

"சுகுணா டீச்சர். முன்னாடியெல்லாம் இந்தத் தப்பு நடந்தா, பெட்டி கண்டுபிடிச்சுக் கத்திட்டு நின்னுரும். நின்னதால யாருக்கும் யார் சாமானும் போகல. அப்புறம் நம்ம தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி வந்து, கத்துற வாயை மட்டும் தைச்சுவிட்டாரு."

வைஜெயந்தி சிரிக்கவில்லை. அஸ்வின் இளநீர்க் காயைக் கீழே வைத்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. வாடிக்கையாளர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஆக்சிலியாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னாள்.

திருத்தம் சிறியது. ரவுண்டு வருகிற ஆள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று கூட்டக் கூடாது. எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும்தான் கூட்ட வேண்டும், பூஜ்யமாக இருந்தால் அந்த அறையைத் தாண்டிப் போய்விட வேண்டும். பார்ப்பதும் கூட்டுவதும் நடுவில் யாரும் புக முடியாதபடி ஒரே செயலாக நடக்கும். அதற்கென்றே கெர்னலில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. எழுதி, பெட்டியில் ஏற்றி, அடுத்த போட்டுக்குக் காத்திருந்தார்கள். போட் போனது, பெட்டி நிற்காமல் ஓடியது. மறுநாள் காலை போட்டும் போனது. பெட்டி முணுமுணுக்கக்கூட இல்லை.

பாலசுப்பிரமணியத்துக்குப் போன் செய்து, அஸ்வினுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். அஸ்வின் செய்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, மாப்பிள்ளை அங்கேயே தங்கிக் கொஞ்ச நாள் பெட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ மட்டும் வா என்றார். அது தண்டனை என்பது மூவருக்கும் புரிந்தது. அஸ்வின் மட்டும் சரி மாமா என்றான்.

ஊர் திரும்பியதும் அவள் செய்த முதல் வேலை அந்தத் திருத்தத்தை வெளியே அனுப்பியது. பிழை அவர்கள் எழுதிய நிரலில் இல்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் பொதுக் கெர்னலில், ஒரு பழைய வைஃபை சில்லுக்கான பகுதியில் இருந்தது. அதைப் பராமரிப்பவர்களுக்குப் பொது மின்னஞ்சல் குழு உண்டு. அங்கே இதுவரை அவள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். படித்துப் படித்து, யார் கெட்டிக்காரர், யார் உளறுகிறவர் என்று மனசுக்குள் எல்லோருக்கும் மார்க் போட்டு வைத்திருந்தாள். இப்போது தன் திருத்தத்தை அனுப்பினாள். கூடவே, இத்தனை வருஷம் இதை ஒருவரும் கவனிக்காதது ஆச்சரியம் என்று ஒரு வரியும் சேர்த்தாள். அந்த வரி தேவையில்லைதான். எழுதும்போது இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து அம்மா ரோசலின் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஆக்சிலியா சமையலறை வாசலில் நின்று அஸ்வின் கதையைச் சொன்னாள். வாந்தி எடுத்த இடத்தைக் கொஞ்சம் நீட்டியே சொன்னாள். அம்மா ஒரு துண்டைத் திருப்பிப் போட்டாள்.

"ஏட்டி, அந்த ஆபீஸ்ல நீ நல்லவிதமாச் சொல்ற ஆளு ஒருத்தராவது உண்டுமா?"

"இல்ல."

"கோயில்ல?"

"இல்ல."

"வீட்லயும் இருக்காது," என்றாள் ரோசலின். "தட்டை எடு."

அஸ்வின் அதற்கடுத்த நாள் மதியம் கூப்பிட்டான்.

"ஆக்சிலியா, பெட்டி ஒரு தடவ நின்னுச்சு."

"எப்ப?"

"இப்பத்தான். போட் எதுவும் கிளம்பல. திடீர்னு மழை. வெளிய வரிசையில நின்ன கூட்டம் மொத்தமும் கூடத்துக்குள்ள ஓடி வந்துச்சு, மழை விட்டதும் வெளிய போச்சு, திரும்பப் பெய்ஞ்சதும் உள்ள வந்துச்சு. அந்த நேரத்துல நின்னுச்சு."

"நீங்க பழைய நிரலை ஏத்தி வெச்சிருப்பீங்க."

"இல்ல. நீங்க வெச்சுட்டுப் போனதுதான். நான் எதையும் தொடல."

"தொடலைன்னா எப்படி நிக்கும்? நான்தான் ரெண்டு போட்டுக்கு டெஸ்ட் பண்ணிட்டு வந்தேனே. கரண்ட் போயிருக்கும். இல்ல, மழைத்தண்ணி பட்டிருக்கும்."

"கரண்ட் இருந்துச்சு. தண்ணி படல. திரையில வந்ததை நான்…"

"அஸ்வின், பஸ் கரோ யார், போதும் விடுங்க. வார்னிங் என்ன சொல்லுதுன்னு படிக்கத் தெரிஞ்சிருந்தா நீங்க அதை அழிச்சிருக்க மாட்டீங்க. மறுபடி ஆன் பண்ணிட்டு உக்காருங்க."

அவன் வேறு ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் போனை வைத்துவிட்டாள். வைத்தபின் ஒரு நிமிஷம், மழைக்கு ஓடி வந்து ஓடிப் போகிற கூட்டம் மனசில் நின்றது. போன்கள் விட்டுவிட்டுச் சேர்கின்றன. அதை யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சொன்னது அஸ்வின் என்பதால் யோசிக்கவில்லை.

அன்று ஆபீஸ் மூடுவதற்கு முன்பே மின்னஞ்சல் குழுவிலிருந்து பதில் வந்தது. அந்தப் பகுதியைப் பராமரிக்கிற ஆள், எங்கோ குளிர்நாட்டில் உட்கார்ந்திருக்கிறவர். அவருக்கு அவள் தன் பட்டியலில் எப்போதும் உயர்ந்த மார்க் போட்டிருந்தாள். அவள் எழுதிய அத்தனை விளக்கத்துக்கும் அவர் பதில் சில வரிகள்தான், அவளுடைய அறைக் கணக்கில் சொன்னால் இப்படி. எண் பூஜ்யமா என்று பார்த்துவிட்டுக் கூட்டுகிறாய். அந்த எண்ணும் அந்த அறையைச் சேர்ந்ததுதானே. அறை ஏற்கனவே வேறொருவருக்குப் போயிருந்தால், நீ பார்க்கிற எண் யாருடையது? ஓட்டையைச் சிறிதாக்கியிருக்கிறாய், அடைக்கவில்லை. பிழை அரிதாக வரும். கண்டுபிடிக்க இன்னும் கஷ்டமாகும். இத்தனை வருஷம் யாரும் கவனிக்காததைப் பற்றி எழுதும் முன் இதைக் கவனித்திருக்கலாம்.

அவள் ஒருமுறை படித்தாள். முதலில் எழுந்தது மறுப்பு. அந்த ஆளுக்குப் பெட்டி தெரியாது, ஹேவ்லாக் தெரியாது, போட் தெரியாது. பதில் எழுத உட்கார்ந்தாள். எழுத எழுத ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் செத்தது. அவர் சொன்னது சரி. பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரிகிற அளவுக்குச் சரி. செக்-அவுட் ஆன அறையை உடனே விட்டுக்கொடுக்கிற அந்த வரியை அவள் தொடவே இல்லை. தூரத்தில் வருகிறவன் வாசலைப் பார்ப்பதற்குள் அறைக்கு வேறு ஆள் வந்து, வேறு எண் மாட்டிவிட்டால், அது பூஜ்யமாக இருக்காது. இவன் தாராளமாக ஒன்று கூட்டிவிட்டு உள்ளே போவான். அதற்கு வேண்டியதெல்லாம், போன்கள் பிரிந்த கையோடு புதிய போன்கள் வந்து சேர்வது. போட் கிளம்பும்போது எல்லோரும் போவார்கள், யாரும் வரமாட்டார்கள். மழை பெய்தால் வருவார்கள்.

பிழை அரிதாக வரும், கண்டுபிடிக்க இன்னும் கஷ்டமாகும். இதைத்தானே அஸ்வினும் செய்தான். அவன் முட்டாள்தனமாகச் செய்தான், அவள் கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறாள். வித்தியாசம் அவ்வளவுதான். முகம் சுட்டது. மாடிக்குக் கீழே பெயின்ட் கடையில் யாரோ டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தை ஓடவிட்டார்கள். அது நிற்கும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பெட்டி நின்றபோது திரையில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அது பெட்டியில் தங்காது. மறுபடி ஆன் செய்ததும் போய்விடும். ஆன் செய்யச் சொன்னவள் அவள்தான்.

போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"சொல்லுங்க," என்றான் அஸ்வின்.

"மத்தியானம் பெட்டி நின்னுச்சுன்னு சொன்னீங்கல்ல. அப்ப ஸ்க்ரீன்ல வந்தது…"

"போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். அதைத்தான் சொல்ல வந்தேன். போனை வெச்சுட்டீங்க."

அவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"ஆன் பண்றதுக்கு முன்னாடி எடுத்தேன். முழுசா வர்றதுக்காக ரெண்டு மூணு எடுத்தேன். அதுக்கப்புறம் மறுபடி ரெண்டு தடவ மழை வந்துச்சு, அப்ப நிக்கல. அதையும் எழுதி வெச்சிருக்கேன். அனுப்பவா?"

"அனுப்புங்க."

"ஆக்சிலியா."

"ம்."

"எனக்கு இது வராதுன்னு எனக்கே தெரியும். மாமாவுக்கு மட்டும்தான் தெரியாது. ஆனா நடக்காததை நடந்துச்சுன்னு நான் உங்ககிட்டச் சொன்னதில்ல."

அது உண்மைதான். வரியை அழித்தது யார் என்று கேட்டபோதுகூட நான்தான் என்றான். மறைக்கவில்லை, மறைக்க வேண்டும் என்று தெரியாத அளவுக்கு மடையன் என்றுதான் அன்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டாள். அந்த அர்த்தத்தை முழுசாகக் கைவிட அவளுக்கு இப்போதும் மனசு வரவில்லை. முட்டாள்கள் புளுகுவார்கள், அல்லது பயப்படுவார்கள். இவன் இரண்டும் செய்யாமல் ஒரு மழையின் நடுவே போனை நேராகப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறான். இப்படி ஒரு முட்டாளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போனை வெச்சது தப்புதான்," என்றாள். சொல்லும்போது குரல் யாருடையதோ போல இருந்தது.

"சரி," என்றான் அவன். படங்கள் வந்து விழத் தொடங்கின.

படங்களில் எல்லாம் இருந்தது. எச்சரிக்கை, அது எந்த வழியாக வந்தது, எந்த இரண்டு பாதைகள் மோதின. குளிர்நாட்டு ஆள் சொன்ன அதே இடம். ஒரு படத்தின் ஓரத்தில் அஸ்வினின் கட்டைவிரல் இருந்தது. ஒரு வரியை மறைத்தது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்தது. வந்ததில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த வரி அடுத்த படத்தில் இருந்தது.

இரண்டாவது திருத்தம் எழுத மறுநாள் முழுவதும் ஆனது. அறையை முதலில் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், புதிதாக யாரும் தேடி வரமுடியாதபடி. ஏற்கனவே கண்ணில் பட்டு நடந்து வந்துகொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் தாண்டிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அறை விட்டுக்கொடுக்கப்பட வேண்டும். இந்தக் காத்திருப்புக்கும் கெர்னலில் ஏற்பாடு இருக்கிறது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் முதல் தடவை போடாதது ஏன் என்று கேட்டுக்கொண்டால், பெட்டி நிற்காமல் இருந்ததே என்ற பதில்தான் வந்தது. பாலசுப்பிரமணியம் சொன்ன பதில்.

புதிய நிரலை அஸ்வினுக்கு அனுப்பினாள். மழைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவனே ஒரு வழி செய்தான். வைஜெயந்தியிடம் சொல்லி, ரிசார்ட் ஊழியர்களை எல்லாம் கூட்டி, கூடத்துக்குள்ளும் வெளியிலும் மாறி மாறி ஓடவிட்டான். அவர்கள் போன்களை அணைத்து அணைத்துப் போட்டார்கள். வீடியோ எடுத்து அனுப்பினான். சமையல்காரர் ஒருவர் கரண்டியோடு ஓடினார். அஸ்வின் நடுவில் நின்று, "அந்தர், பாஹர், அந்தர், பாஹர்" என்று கத்திக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பழைய நிரலை ஏற்றியபோது பெட்டி நின்றது, புதியதை ஏற்றியபோது எவ்வளவு ஓடியும் நிற்கவில்லை. இரண்டையும் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கவில்லை. அவனாகச் செய்திருந்தான்.

திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பும்போது அடியில் சில வரிகள் எழுதுவது வழக்கம். எழுதியவர் யார், பிழையைத் தெரிவித்தவர் யார், சோதித்தவர் யார். எழுதியவர் இடத்தில் தன் பெயரைப் போட்டாள். மற்ற இரண்டு இடங்களையும் காலியாக விட்டுவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. சாயங்காலம்வரை காலியாகத்தான் விட்டு வைத்திருந்தாள். வைஜெயந்தியின் பெயரைப் போடலாமா என்றுகூட யோசித்தாள். பிறகு இரண்டு இடத்திலும் அஸ்வின் என்று தட்டினாள், வேகமாக, கசாயம் குடிக்கிற மாதிரி. யாரும் கவனிக்கவில்லை என்ற பழைய வரியை எடுத்துவிட்டாள். முதல் திருத்தம் தவறு, சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்தாள். அது இனிக்கவில்லை.

குளிர்நாட்டிலிருந்து பதில் அந்த வாரமே வந்தது. ஏற்றுக்கொண்டோம், நன்றி. ஒரு பாராட்டுச் சொல் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், எதிர்பார்த்திருந்தாள்.

அஸ்வின் ஊர் திரும்பியிருந்தான். இந்த முறை போட்டில் வாந்தி எடுக்கவில்லை என்று அவனே வந்து சொன்னான். அவள் தலையாட்டினாள். பாலசுப்பிரமணியம் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அப்ப நம்ம கண்டுபிடிச்ச ரிப்பேரு உலகம் பூரா போகுதாம்மா?"

"போகும் சார்."

"ஹேவ்லாக்ல நமக்குப் போட்டியா ஒருத்தன் பெட்டி வெக்கிறானே, அவனும் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவர் முகம் சுருங்கியது. "ரெண்டு பேரும் சேந்து என்ன காரியம்மா பண்ணி வெச்சிருக்கீக," என்றார். அஸ்வின் அவளைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். ஒரு கணம் இருவரும் ஒரே ஆளை ஒரே மாதிரி இளப்பமாகப் பார்க்கிறார்கள் என்பது புரிந்ததும் அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அவனோடு எதிலும் சேர்ந்து நிற்க அவளுக்கு இஷ்டமில்லை.

தன் மேசைக்கு வந்து பொதுக் கெர்னலின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தாள். திருத்தம் ஏறியிருந்தது. அடியில் அவள் பெயர். அதற்கு மேலே இரண்டு இடத்தில் அவன் பெயர். அந்த வரலாற்றில் ஏறிய எதையும் பிறகு யாராலும் எடுக்க முடியாது. அவள் செத்து, பாலசுப்பிரமணியம் செத்து, அந்தப் பழைய சில்லு குப்பைக்குப் போன பிறகும், யாராவது ஒருவன் எங்கிருந்தோ திறந்து பார்த்தால் இந்த இரண்டு பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். ஏதோ கூட்டாளிகள் என்று நினைத்துக்கொள்வான்.

"வந்திருச்சா?" என்று எதிர் மேசையிலிருந்து கேட்டான் அஸ்வின்.

"வந்திருச்சு."

"காட்டுங்க."

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.